நாடாவின் மற்ற நுனி

முத்தையன்கட்டுக்குத் திரும்பும் வளைவோடு
போனில் கடைசிக் கோடும் போய்விடும்.
அதனால் படிவத்தைக் கடதாசியிலும் கொண்டுபோவேன்.
நாற்பத்தியொரு கேள்வி.
கோழியைப் பார்க்காத ஒருவர் எழுதி
தமிழைப் பார்க்காத ஒருவர் மொழிபெயர்த்தது.
'பறவைகள் தம் இயல்பான நடத்தையை வெளிப்படுத்த வாய்ப்புளதா?'
லோகநாயகியக்கா யோசித்தா.
"கிளறுதுகள். மண்ணிலை குளிக்கிற மாதிரி உமியிலை குளிக்குதுகள்.
இருபத்தஞ்சு நாளைக்குப் பிறகு இடமில்லை, விட்டிடுங்கள்."
நான் 'ஆம்' என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டேன்.

பதினேழாவது கேள்வி, அமோனியா.
கதவடியில் நிற்கும்போதே எனக்குக் கண் கரித்தது.
"எனக்கு மணம் தெரியாது பிள்ளை,
அந்த மாசியோடை போனது மூக்கு."
எந்த மாசி என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை.
"பின்னை எப்படி அக்கா கண்டுபிடிப்பியள்?"

செருப்பைக் கழற்றினா.
உமியில் சரிந்து படுத்தா,
கன்னம் நிலத்தில், கோழியின் உயரத்தில்.
அவை விலகின, பிறகு நெருங்கின,
ஒன்று அவவின் கொண்டைக் கிளிப்பைக் கொத்திப் பார்த்தது.
"இஞ்சை கிடந்தால் கண் சொல்லும்.
நாங்கள் நிக்கிற உயரத்திலை அதுகள் மூச்சு விடுறேல்லை."
எழும்பும்போது ஒரு பிடி உமியை நசித்தா.
விரித்த கையில் உருண்டையாகவே இருந்தது.
"ஈரம். படங்கைத் தூக்கிக் கட்ட வேணும்."
படுத்துப் பார்ப்பதற்குப் படிவத்தில் பெட்டி இல்லை.

சொல்லவேண்டியதைச் சுற்றிக்கொண்டே நிற்கிறேன்.

குஞ்சு கொம்பனியின்ரை. தீன் கொம்பனியின்ரை.
ஊசி, லொறி, இரவில் பிடிக்க வரும் பெடியள்,
தராசு, தராசின் ஊசி.
சாகிற கோழி மட்டும் லோகநாயகியக்காவின்ரை.

சதுர அடிக்கு ஒன்று என்பது விதி.
கொட்டில் நூறுக்கு இருபது.
போன முறை இறக்கியது இரண்டாயிரத்து முன்னூறு.
அவ கேட்ட கணக்கில்லை அது.
பொரித்தது கூடிவிட்டதாம், வைக்க இடமில்லையாம்.
கடைசிக் கிழமை வெயிலில்
தண்ணிக்குப் போன கோழிமேல் கோழி ஏறி
ஒரே மத்தியானத்தில் தொண்ணூற்றாறு.
காசில் வெட்டு. பராமரிப்புத் தரம்: சீ.
அந்தச் 'சீ'யை எழுதியவள் நான்.

அதற்கு முன்னர் இன்னொன்றும் எழுதியிருந்தேன்.
"விறாந்தையையும் சேர்த்து அளவும் பிள்ளை" என்றார் றெஜினோல்ட் சேர்,
நல்ல மனிசன், மழைக்குத் தன் கோட்டைக் கழற்றித் தருபவர்,
"மூன்றடி அகலம். கணக்கு வடிவாய் வரும்."
வடிவாய்த்தான் வந்தது.
தீன் மூட்டையும் ஒரு பழைய சைக்கிளும் நிற்கிற
முன்னூறு சதுர அடியில்
முன்னூறு கோழி நின்றதாக என் கையெழுத்து.

அடுத்த குஞ்சு செவ்வாய்க்கிழமை.
இன்றைக்கும் அளக்க வேண்டும்.
நாடாவின் ஒரு நுனி என்னிடம்.
மற்றதை இழுத்துக்கொண்டு குறுக்கே போனவ
கம்பி வலையடியில் நின்றா.
"வெளியாலை வாங்கோ அக்கா, விறாந்தைக் கரைமட்டும்."
வரவில்லை.
கட்டைவிரலால் நுனியை வலையோடு அமத்தி,
"இஞ்சை முடியுது" என்றா.
கோபமில்லை.
கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று சொல்வதுபோல.

நாடா எங்களுக்கிடையில் தொய்ந்தது, இறுகியது.
நடுவில் ஒரு கோழி அதன் மஞ்சளைக் கொத்தியது.

இருபது என்று போனில் அடித்தேன்.
சிவப்பு எழுத்தில் வந்தது:
'இலக்கத்தைச் சரிபார்க்கவும்.'
இருபது.
'இலக்கத்தைச் சரிபார்க்கவும்.'
இருபது.

வளைவைத் தாண்டிக் கோடு வரும்வரை
இது எங்கேயும் போகாது.
மோட்டார் சைக்கிளை மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்,
கைப்பைக்குள்
இருபதடி அகலமான கொட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு.