கம்பவுண்டர் கணக்கு

வெட்டாற்றங்கரை கிளினிக்கில்
ஐந்து ரூபாய் வாங்கிய காலத்தில்
டாக்டர் குஞ்சிதபாதம் அதிகம் பேசமாட்டார்.
கீழிமையை இழுத்துப் பார்ப்பார்,
நாக்கை நீட்டச் சொல்வார்,
சீட்டைக் கிழித்து என் பக்கம் தள்ளுவார்.
மூன்று வேளை, ஐந்து நாள்.
அவர் வாக்குக்கு அப்போது
தேதி இருந்தது.

குறுவை அறுப்பில் நல்லபாம்பு தீண்டி
டிராக்டரில் கொண்டுவந்த செல்லக்கண்ணு
எங்கள் பெஞ்சிலேயே போய்விட்டாள்.
மருந்து தஞ்சாவூரில் இருந்தது.
மறுவருஷம்
டாக்டர் மனுத்தாக்கல் செய்தார்.

ஓட்டுக் கேட்டுப் போன தெருவில்
எனக்குத்தான் முதலில் உறைத்தது,
கும்பிட்ட கையால்
நாடி பார்க்க முடியாதென்று.
அவரோ கும்பிட வந்தவர்களின் கண்ணையே பார்த்தார்.
மேலத்தெரு நாலாம் வீட்டில் ஒருவனுக்குக்
காமாலை என்று கண்டுபிடித்து,
பத்தியம் சொல்லி முடிக்கிறவரை
முக்கால் மணி நேரம் ஊர்வலம் நின்றது.
கட்சிக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள்.

ஜெயித்தோம்.
நான் உதவியாளர் ஆனேன்,
இரண்டு பேன்ட் தைத்துக்கொண்டேன்.
சட்டசபையில் எழுந்து
பாம்புக்கடி ஊசி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு
எப்போது வரும் என்று கேட்டார்.
பரிசீலனையில் உள்ளது.
அடுத்த வருஷமும் எழுந்தார்.
பரிசீலனையில் உள்ளது.

வாய்க்கால் தூர்வாரணும், மதகுப் பலகை மாற்றணும்,
மகளுக்கு டிரான்ஸ்ஃபர், மச்சானுக்குப் பட்டா.
நாளைக்கு நாற்பது கடிதம் எழுதினேன்,
ஒன்றிலும் வேளை கிடையாது, அளவு கிடையாது.
ஒருநாள் கைப்பழக்கத்தில்
செயற்பொறியாளர் கடிதத்தின் அடியில்
'சாப்பாட்டுக்குப் பின்' என்று போட்டுவிட்டேன்.
டாக்டர் முழுக்கப் படித்தார்.
அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் வருஷம் ஊசி சாங்க்‌ஷன் ஆனது.
குளிர்பெட்டி வந்தது.
குளிர்பெட்டிக்குக் கரண்ட் வருவதற்குள்
எலெக்‌ஷன் வந்தது.
ஆயிரத்துச் சொச்சத்தில் தோற்றோம்.
திறப்புவிழாக் கல்லில் வேறு பெயர்;
அதற்கு நான்தான் திட்டினேன்,
அவர் மதகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது ஐம்பது ரூபாய். கூட்டமில்லை.
திருவாரூரில் ஸ்கேன் இருக்கிறது, இங்கே இல்லை.

போன ஐப்பசி அடைமழையில்
ராத்திரி பதினொன்றுக்கு நர்ஸ் போன் பண்ணினாள்.
விரியன் கடித்த பையன், எட்டாவது படிக்கிறான்,
ஊசி போட்டாச்சு, கண் முழித்துவிட்டான் சார்.

எத்தனை குப்பி? என்றார்.
பத்து.
பெட்டியில் மிச்சம்?
இருங்க சார் எண்ணிச் சொல்றேன் என்று
போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.
அந்தப் பக்கம் மழைச் சத்தம், இந்தப் பக்கமும்.

உட்காருங்கள் என்றேன்.
போனைக் காதில் வைத்தபடி
நின்றுகொண்டே இருந்தார்.