ஒரு போல்ட் மட்டும் நீலம்

மூலக்கடையில் ப்ளைவுட் துண்டுகளை
எடைக்குத்தான் போடுகிறார்கள்.
"எதுக்கும்மா, ஷெல்ஃபுக்கா?"
கோடரிக்கு என்றேன்.
கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு
ஒரு துண்டு கூடவே வைத்துக் கட்டினார்.

ஓட்டேரியில் எங்கள் வாடகை ஒப்பந்தம்
பால்கனி என்று சொல்வது
மூன்றடிக்கு ஐந்தடி.
வாஷிங் மெஷின் போக மிஞ்சிய இடத்தில்
ஒரு ராஜ்ஜியத்தின் ஆயுதச்சாலையை நடத்தினேன்.
ஞாயிறு மட்டும். அதுவும்
கீழ்வீட்டு பிரிசில்லா சர்ச்சிலிருந்து திரும்புவதற்குள்.
ஜிக்சா ஒருமுறை உறுமினால்
அவள் வீட்டு ஃபேன் ஆடுகிறதாம்.
வாட்ஸ்அப்பில் கேட்பாள்:
இன்னிக்கு யாரோட சண்டை?

அட்டையில் வரைந்து, வெட்டி,
கண்ணாடி முன் பிடித்துப் பார்த்து
இன்னும் பெரிதாக
இன்னும் கொஞ்சம் பெரிதாக வரைந்தேன்.
நான் ஆகப்போகிறவள் படைத்தலைவி.
அவள் நாட்டில் வாசல்கள் அகலம்.
எங்கள் கதவு இரண்டரை அடி.
அதனால்தான் பிடியை, பழைய திரைச்சீலைக் கம்பை,
நடுவில் அறுத்து ஒரு போல்ட் வைத்தேன்.

எண்பதில் தொடங்கி
இருநூற்றிருபது வரை உப்புத்தாள்.
"ரசத்துல மரம் வாசம் வருது" என்றாள் ஃபிர்தௌஸ்,
வாடகையில் பாதி தருகிறவள்,
குடித்துக்கொண்டே.

கூர் கூடாது என்பது விதி.
விரலை ஓட்டினால் விரல் சிரிக்க வேண்டும்.
பார்க்கிறவனுக்கோ தொண்டை வறள வேண்டும்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பது
ஒரு டப்பா வெள்ளிப் பெயிண்ட்.
ஐப்பசி ஈரத்தில் அது
நாலு நாள் காயாமல் பிசுபிசுத்தது.
ஒரு கொசு உட்கார்ந்து
அப்படியே இருந்துவிட்டது.
முதல் பலி.

காய்ந்தபின் பளபளவென்று மின்னியது.
அதுதான் தப்பு.
புதுக் கோடரி வைத்திருப்பவள்
ஒரு போரும் காணாதவள்.
அரத்தை எடுத்து விளிம்பில் கொத்தினேன்.
இது ஆற்றங்கரையில்.
இது துரோகியின் கேடயத்தில் பட்டது.
மூன்றாவதை யாரென்று சொல்லமாட்டேன்.
காப்பித்தூளும் கறுப்புப் பெயிண்டும் குழைத்து
இல்லாத இரும்பில் துருவை விதைத்தேன்.

பகலில் நான் காப்பீட்டு ஆபீஸில்
அடிபட்ட கார்களின் படங்களைப் பெரிதாக்கி
எந்தக் கீறல் புதுசு
எது பழசு
எது வேண்டுமென்றே போட்டது என்று
குறிப்பெழுதிச் சம்பளம் வாங்குகிறவள்.
இந்தக் கோடரி என் மேஜைக்கு வந்தால்
முழுத் தொகையும் கொடுத்துவிடுவேன்.

கட்டைவிரலில் இருப்பது மட்டும் அசல் காயம்.
அதுவும் அட்டை வெட்டும்போது
கட்டர் போட்டது.

நேற்று கீழ்ப்பாக்கம் மெட்ரோவில்,
யோகா பாயில் செய்த மார்க்கவசத்தோடு நின்றேன்.
ஸ்கேனர் திரையில் என் ஆயுதம்
ரஸ்னா நிறத்தில் கரைந்து கிடந்தது.
போர்களும் துருவும் ஒன்றும் தெரியவில்லை.
ஒரு போல்ட் மட்டும் நீலம்.

"என்னம்மா இது?"
காவலர் சட்டையில் சூடாமணி என்றிருந்தது.
"கோடரி."
"வெட்டுமா?"

பதினோரு ஞாயிறு.
ஒரு லிட்டர் ஃபெவிகால்.
பொறுப்பான பதில் ஒன்றுதான்.
"வெட்டாதுங்க" என்று நான் சொன்னபோது
உள்ளே படைத்தலைவி
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சூடாமணி விளிம்பில் விரலை ஓட்டினார்.
"இங்க என்ன ஆச்சு?"
ஆற்றங்கரை, என்றேன்.
"இங்க?"
கேடயம்.
பின்னால் வரிசை செருமியது.
மூன்றாவதில் விரல் நின்றது.
நான் வாயைத் திறக்கவில்லை.
அவரும் கேட்கவில்லை.

"கழட்டியே வெச்சுக்கோ. மாட்டக் கூடாது."

ஆலந்தூர் வரை
இரண்டு பாதியும் மடியில் கிடந்தன.
எதிர் சீட்டில் ஒருவர்
கால்களைச் சற்றே உள்ளிழுத்துக்கொண்டார்.
போல்ட் என் உள்ளங்கையில்,
சூடேறிக்கொண்டு.