கரண்ட் பில்லின் பின்பக்கம்

கரண்ட் பில்லைத் திருப்பிப் போட்டு
நாலு கட்டம் பிரித்தேன்.
ஊர். பணம். எத்தனை மணி வரைக்கும்.
நாலாவதற்கு என்ன தலைப்பு என்று தெரியவில்லை,
சும்மா விட்டேன்.

கும்மிடிப்பூண்டி: ஆறாயிரத்து ஐந்நூறு.
ஏசி. சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி.
பிள்ளை தூங்குவதைப் போனிலேயே பார்க்கலாமாம்,
காமிரா வைத்திருக்கிறார்கள்.
என் போன் எட்டரை மணி நேரம்
கம்பெனி லாக்கரில் தூங்கும் என்பதை
அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை.
ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து நூறு போன்
என் கையைத் தாண்டிப் போகிறது.
ஒன்றிலும் ஜஸ்வந்த் தெரிய மாட்டான்.
அப்படியே சேர்த்தாலும்
ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்,
எனக்கோ இரண்டு முதல் பத்தரை.

ஆரம்பாக்கம் அங்கன்வாடி: சைபர்.
சைபருக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும்.
இன்னும் நாலு மாதம் கிடக்கிறது.
நிறைந்த பிறகும் மூன்றரைக்கு வந்து
தூக்கிக்கொண்டு போக வேண்டும்.
மூன்றரைக்கு நான் ஆந்திராவில் இருப்பேன்,
எள்ளுக்குப் பாதி அளவில் ஒரு ஸ்க்ரூ
கீழே விழாமல் பார்த்துக்கொண்டு.

அதே தெருவில் மார்கரெட் அக்கா: மூவாயிரத்து ஐந்நூறு,
எட்டுக்கு மேல் மணிக்கு நாற்பது.
இரண்டு மாதம் விட்டுப் பார்த்தேன்.
செக்போஸ்டில் மணல் லாரிகளுக்குப் பின்னால்
பஸ் நகராமல் நிற்கும்.
பக்கத்து சீட்டில் எல்லாரும் தூங்குவார்கள்.
நான் நாற்பது, எண்பது, நூற்றிருபது.

கம்பெனியிலும் உண்டு, ஏ ஷிப்டுக்கு மட்டும்.
தொட்டில் முப்பது, என் டோக்கன் அறுபத்தொன்று.
"அதுக்குள்ள பையன் வளர்ந்துடுவான் மேடம்"
என்று எச்.ஆர். சிரித்தார்.
வளர்வதற்கும் எங்கேயாவது விட வேண்டுமே.

கடைசியாகத் தடா.
ரயில்வே கேட்டைத் தாண்டி வரலட்சுமி வீடு.
இரண்டாயிரத்து எண்ணூறு, ராத்திரி பதினொன்று வரை,
ராகி ஜாவ அவள் செலவு, டயப்பர் நம் செலவு.
பேனா கொஞ்சம் வேகமாக ஓடியது.
பிறகு பகல் ஷேர் ஆட்டோ ஐந்நூற்றிருபது.
முனிரத்தினம் பைக்கில் வந்து கூட்டிப்போகும் நாளுக்குப்
பெட்ரோல் முந்நூறு.
அவனுக்கு நெல்லூர் லோடு விழும் நாளில்,
மாதம் பத்தாவது விழும்,
தனி ஆட்டோ நூற்றைம்பது.
கூட்டினால் ஐயாயிரத்து நூற்றிருபது.
தள்ளித் தள்ளிப் போனாலும்
கும்மிடிப்பூண்டி பின்னாலேயே வருகிறது.

சாயந்திரம் அவளிடமே கேட்டுவிட்டேன்,
"அக்கா, கொஞ்சம் தக்குவ செய்யக் கூடாதா?"
ஜஸ்வந்த் அவள் இடுப்பில் இருந்தான்,
அவள் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டு.
வரலட்சுமி கோபப்படவில்லை.
அவள் பெண் நாயுடுபேட்டையில்
வதின வீட்டில் இருக்கிறாளாம், மூன்று வயது.
மாதம் ஆயிரத்து ஐந்நூறு அனுப்புகிறாளாம்.
இங்கே வைத்துக்கொண்டால்
அந்த இடத்தில் இன்னொரு பிள்ளை எடுக்க முடியாது,
ஆறு பாய்தான் விரிக்கலாம் இந்த அறையில்.
அப்போ வதினயோட பசங்க?
"ஹாஸ்டல். கவர்ன்மெண்ட்டு. ப்ரீ" என்றாள்,
அரைத் தமிழில்,
நல்ல சேதி சொல்வது போல.

நான் தொகையைக் குறைக்கச் சொல்லவில்லை அதற்கப்புறம்.
அவளும் குறைக்கவில்லை.
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளையை வாங்கினேன்,
கயிற்றை விடாமல் அழுதான்,
இரண்டு பேருமாக விரலைப் பிரித்தோம்.

ராத்திரி பில்லை எடுத்து
நாலாவது கட்டத்தில் எழுதினேன்:
நாயுடுபேட்டை, ஆயிரத்து ஐந்நூறு.
"அங்க யாரு நம்ம பிள்ளைய விடப் போறா?"
என்றான் முனிரத்தினம், தலையணையிலிருந்து.
நம்ம பிள்ளைக்கு இல்லை என்றேன்.
வேறு எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள்
அவன் தூங்கிவிட்டான்.
லைட்டை அணைக்கப் போனபோது
தாள் காற்றில் திரும்பிக்கொண்டது.
கட்ட வேண்டிய தொகை எழுநூற்றுப் பதினாறு.
கடைசித் தேதி நாளை.