வாட்டம்

பத்திரிகை அடித்தாயிற்று.
ஆவணி பன்னிரண்டு, வியாழன், விடிகாலை நாலரை ஆறு.
அஞ்சுகத்தின் பெயர் என் பெயருக்கு முன்னால்.
மனை அவள் அப்பா தந்தது, சரிதான்.

இன்னும் ஒன்பது நாள்.
மீட்டர் பெட்டி வெறும் வாயைப் பிளந்து நிற்கிறது,
ஈ.பி.யில் கேட்டால் "சீனியாரிட்டிப்படிதான்."
ஆசாரி ஞானப்பிரகாசம்
பூஜையறைக் கதவோடு ஒரத்தநாட்டில் மறைந்துபோனான்.
போன் எடுக்கிறது ஒரு குழந்தை,
"அப்பா குளிக்குது."
மூன்று நாளாகக் குளிக்கிறான்.

என்னிடம் இருப்பது ஒரே நோட்டு.
முன்பக்கத்திலிருந்து ஆற்றின் அளவு: கேஜ், கன அடி, ஷட்டர் உயரம்.
பின்பக்கத்திலிருந்து வீடு:
எம்சாண்ட் இரண்டு யூனிட்
(ஆற்றங்கரையில் உத்தியோகம்,
மணல் மட்டும் எங்கோ மலையை அரைத்து வருகிறது),
பெயிண்டருக்கு முன்பணம், லோடு இறக்கியதற்கு டீ.
ஆறும் வீடும் சந்திக்க
நடுவில் நான்கு தாள் பாக்கி.

நேற்றுதான் குழாயில் தண்ணீர் வந்தது.
குளியலறையில் ஒரு வாளி ஊற்றினேன்.
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
போகவேண்டிய ஓட்டை கிழக்கு மூலையில்.
அது சாவகாசமாக மேற்கே நடந்து
நிலைப்படி தாண்டி
அஞ்சுகத்தின் காலை நனைத்தது.

முப்பத்தோரு வருஷம்
மூணாறு தலைப்பில் ஷட்டர் திருகியவன் நான்.
குடகில் பெய்ததற்கு
நீடாமங்கலத்தில் வழி விட்டவன்.
தண்ணீருக்குப் பாதை சொல்ல வேண்டாம்,
ஒரு நூல் வாட்டம் கொடுத்தால் போதும்
கடல்வரை அதுவே விசாரித்துப் போய்விடும்.
அந்த ஒரு நூல்
என் வீட்டில் இல்லை.

பக்கிரிசாமி மேஸ்திரி வந்தார்.
குந்தி உட்கார்ந்து ரசமட்டம் வைத்தார்.
குமிழி நட்டநடுவே நின்றது.
மட்டமாக இருப்பதுதான் இங்கே குற்றம்.

"வரும் சார்."
"எப்ப?"
"கடைசி மூலை பாருங்க. முன்னப்பின்ன ஆகும்.
முறைப்படி வந்து சேந்துரும்."

இந்த வாசகம் எனக்குத் தெரியும்.
போன புரட்டாசியில்
கைலியை மடித்துக்கட்டி இருபது பேர் தலைப்பில் வந்து நின்றபோது
நான் சொன்னது.
ஓர் எழுத்து மாறவில்லை.

"மேஸ்திரிக்கு நிலம் இருக்கா?"
"இருக்கு. முத்துப்பேட்டைக்கு மேக்க, ஏழு மா.
கோரையாத்துப் பாசனம், கடைமடை."
கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.
சிரித்தாரா தெரியவில்லை,
வாயில் வெற்றிலை.
"கதிரு வர்ற நேரம் கருகிருச்சு.
அதுலேருந்து இந்தக் கரண்டிதான் சோறு."

மேலே திறக்காததை
நான் எப்படித் திறப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.
கீழே கான்கிரீட் அப்படி,
மேலே நான் என்ன செய்வேன் என்பார் அவரும்.
இரண்டும் உண்மைதான்.
தரையில் தண்ணீர் அப்படியே நின்றது.

அஞ்சுகம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
உள்ளே எட்டிப் பார்த்தாள்.
"ஒடைங்க" என்றாள்.
என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா?

இருபத்தாறு டைல்ஸ்.
ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும்
பி.எஃப். லோனில் ஒரு தவணை கேட்டது காதில்.
மன்னார்குடிக் கடையில்
அதே கம்பெனி, அதே நம்பர், வேற லாட்.
பழசு சந்தனம், புதுசு அரைத்தேங்காய்.
கதவிலிருந்து மூலைவரை
வெளிறிய ஒரு பட்டை,
வாய்க்கால் வரைபடம் மாதிரி.
வருகிற விருந்தாளி கேட்காமல் போகமாட்டான்.

மூன்றாம் நாள் அதே வாளி.
தண்ணீர் பட்டையைப் பிடித்து ஓடி
மூலையில் ஒரு மடக்குக் குடித்தது.
"வந்துருச்சு" என்றார் பக்கிரிசாமி,
பாத்ரூமுக்குத் தேவையில்லாத ஒரு குரலில்.

கையைக் கழுவிவிட்டுக் கூலி கேட்கவில்லை.
"தலைப்புல இப்ப எவ்வளவு சார் விடுறீங்க, கோரையாத்துக்கு?"
நோட்டை முன்பக்கம் திருப்பி
இருந்ததைப் படித்தேன்.
கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அவர் விரல்விட்டு நாள் எண்ணினார்.
வலது கை முடிந்து இடது கை.
பன்னிரண்டாம் தேதியைத் தாண்டியும்
விரல்கள் போய்க்கொண்டிருந்தன.