ஒன்றரையால் வகுத்தல்

முப்பது கிரெடிட் கொண்டுவந்தேன்,
போலந்தின் கதான்ஸ்கிலிருந்து,
பிளாஸ்டிக் உறையில், ஈரம் படாமல், மடியாமல்.

"அங்க ஒண்ணரைக்கு இங்க ஒண்ணு" என்றார்
தேர்வுப் பிரிவு தையல்நாயகி மேடம்.
கால்குலேட்டரில் சமன் பொத்தான் தேய்ந்திருந்தது,
நகத்தால் அழுத்தினார்.
ஐந்தை ஒன்றரையால் வகுக்க
மூன்று புள்ளி மூன்று மூன்று மூன்று என்று
திரை முழுக்க ஓடியது.
"மூணு போட்டுக்கலாம்.
புள்ளிக்கு அப்புறம் உள்ளதை சாஃப்ட்வேர் எடுக்காது."

ஆறு பாடம். சிந்திய புள்ளிகளை
அம்மாபேட்டை தாண்டும்வரை பேருந்தில் கூட்டினேன்:
இரண்டு கிரெடிட்.
சாலையோரக் கொள்முதல் நிலையத்தில்
தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைவிட்டிருந்தது.
அப்பா போன் செய்தார்.
"பதினேழுக்கு மேல ஈரமாம், நாளைக்கு வரச் சொல்றான்.
உனக்கு என்ன சொன்னாங்க?"
"நாளைக்கு வரச் சொன்னாங்க."

நாளை ஈக்வலன்ஸ் கமிட்டி கூடவில்லை.
நாக் குழு வருகிறது,
எல்லோரும் சுவருக்கு வெள்ளையடிக்கும் மும்முரத்தில்.
அடுத்த செவ்வாய்க்கிழமை,
பாடத்திட்டத்தின் பக்கத்துக்குப் பக்கம்
அந்த ஊர்க் கையெழுத்து வேண்டுமென்றார்கள்.
நாற்பத்தொரு பக்கம்.
பேராசிரியர் வொய்ச்சேக் ஒன்று விடாமல் போட்டு அனுப்பி
கீழே கேட்டிருந்தார்: உங்கள் ஆறு உறையுமா?
வற்றும், என்று பதில் எழுதினேன்.

விஸ்துலா கடல் சேரும் இடத்தில்
பனியை வட்டமாய் அறுத்துக் குழாய் இறக்கி
இரண்டு மீட்டர் வண்டல் எடுத்தோம்.
கறுப்பு, சாம்பல், கறுப்பு,
நடுவில் ஒரு சிப்பி.
கையுறையைக் கழற்றித் தொட்டேன்.
நடவுக்கு முன் கணுக்கால் இறங்குமே,
அந்த வழுக்கல்தான், விறைத்துப்போயிருந்தது.
"இதுக்கு எத்தனை மணி நேரம்?" என்றார் மேடம்.
களப்பணிக்கென்று கட்டம் இல்லை.
"பிராக்டிகல்ல சேர்த்துவிடுறேன், விடு."

போலிஷ் மொழி, தொடக்க நிலை:
ஈடான பாடம் இல்லை.
"அஞ்சு மாசம் அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தாங்க?"
"ஜென்குயே," என்றேன். "நன்றின்னு அர்த்தம்."
ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.
பிறகு ஸ்கேல் வைத்து
சிவப்புப் பேனாவால் அடித்தார்.

இருபதுக்குப் பதினைந்து தேறியது.
மிச்சம் ஐந்துக்காக மே மாத வெயிலில்
இரண்டாமாண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன்.
பக்கத்து மேசைப் பையன் அக்கா என்று கூப்பிட்டு
பென்சில் கேட்டான்.
வெளியே வெண்ணாறு வெறும் மணல்,
யாரோ அதில் ஸ்டம்ப் ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

நான்காவது கேள்வி:
வடிநிலம், வரையறு. இரண்டு மதிப்பெண்.

சிப்பியை எழுதினேன்.
பனிக்கட்டியில் அறுத்த வட்டத்தை எழுதினேன்.
ஆறு தன்னைக் கொட்டிவிட்டுப் போகும் இடம்
ஊருக்கு ஊர் எந்த விகிதத்தில் மாறும் என்று எழுதினேன்.
கூடுதல் தாள் கேட்டதும்
கண்காணிப்பாளர் மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கிப் பார்த்தேன்.
மூன்று பக்கத்துக்கும் குறுக்கே ஒரே கோடு,
ஓரத்தில் பச்சை மையில் ஒன்றரை.

மொத்தம் போடும்போது மட்டும்
யாரோ அந்த அரையை
முழுசாக்கியிருந்தார்கள்.