ஐம்பத்திரண்டு நாள் நின்ற கப்பல்

லாஸ் பால்மாஸ் வெளித்துறை.
நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில் என் படகு ஆடுகிறது.
மேலே கம்பியில் சாய்ந்து நிற்கிறார்
தலைமைப் பொறியாளர் மல்காஸ் சுர்மனிட்ஸே.
பட்டூமிக்காரர். மூன்று இரவாகத் தூக்கமில்லை.
கையில் பெர்கன் அலுவலகத்துக் கடிதம்:
‘ஒரு நாளைக்கு ஒன்பது டன் எண்ணெய் கூடுதல்.
எங்கே போகிறது?’

எங்கே போகிறது என்றால்
யாருக்கு விற்றாய் என்று பொருள்.
எல்லாத் துறைமுகத்திலும் அதுதான் மொழிபெயர்ப்பு.

“எஞ்சின் அதே எஞ்சின்” என்கிறார் பாதி ஸ்பானிஷில்,
“கடல் அதே கடல். பதினாலு நாட் ஓடியது
பதினொன்றரைக்கே மூச்சு வாங்குகிறது.”
சர்க்கரை ஏற்ற முறை வராமல்
பரானகுவாவில் ஐம்பத்திரண்டு நாள் கிடந்ததை
அவராகச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.
“நின்றது” என்றார்,
நிற்பதெல்லாம் ஒரு வேலையா என்பதுபோல.

குதித்தேன்.

வெதுவெதுப்பான நீரில் நிற்கிற கப்பல்
ஒரு புறம்போக்கு.
முதலில் வழும்பு வந்து பாய் விரிக்கும்.
பிறகு பாசி.
பிறகு கடுகில் பாதியாய் ஒரு குஞ்சு
நடந்து, தொட்டு, திரும்பிப் பார்த்து,
மனை பார்க்க வந்தவன்போல யோசித்துத்
தலையை ஒட்டிக்கொள்ளும்.
அப்புறம் ஆயுளுக்கும் தலைகீழ். காலால்தான் சாப்பாடு.
சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர்.
கொட்டலசு.
டார்ச் வெளிச்சத்தில் ஒரு ஊரே தெரிகிறது,
பட்டா இல்லாத ஊர்.

ஓடும் கப்பல்
கொஞ்சம் கடலை உடுத்திக்கொண்டே ஓடுகிறது.
இரும்பைத் தொட்ட நீர் இரும்போடு வரும்,
அடுத்த நீர் சற்றே பின்தங்கும்,
அதற்கடுத்தது இன்னும்.
உள்ளுடுப்பு மயிரிழையினும் மெல்லிது.
அதற்குள் ஒடுங்கிய மேடுபள்ளத்தைக்
கடல் கண்டுகொள்ளாது.
வேகம் ஏற ஏற உடுப்பு மெலியும்;
மறைந்திருந்ததெல்லாம் துருத்தும்.
துருத்திய இடத்தில் நீர் இடறும், சுழலும்,
சுழலுக்கொரு கரண்டி எண்ணெய் வாங்கிக்கொண்டு போகும்.
இந்தக் கொட்டலசுகளோ
எந்த உடுப்புக்கும் அடங்காத முழங்கைகள்.

சதுர மீட்டருக்கு ஒரு முறை நின்று
படம் எடுத்தேன். பெர்கன் பார்க்கட்டும்
தன் ஒன்பது டன்னை.

“இதாய்ரா, எஃகுத் தூரிகை போடு.
சாயங்காலம் கிளம்ப வேண்டும்.”
காதில் ஏஜென்ட் ஃபலேரோ.
எஃகு, கொட்டலசை எடுக்கும். பெயிண்டையும் எடுக்கும்.
ஒவ்வொரு கீறலும் அடுத்த குஞ்சுக்கு வாசற்படி.
நூற்றிருபது மைக்ரான் சொரசொரப்பை
முந்நூறாக்கிவிட்டு
சுத்தம் என்று கையெழுத்துப் போடலாம்.
போட்டிருக்கிறேன்,
வாடகை நெருக்கிய மாதங்களில்.

இன்று நைலான்.
ஆறு மணி நேரம், நான்கு உருளை காற்று.
சுரண்டியதைக் குழாய் உறிஞ்சுகிறது:
பிரேசிலின் ஒரு தெரு
பைக்குள் போகிறது, மொறுமொறுவென்று.
சுவர் பெயர்ந்தாலும் அடித்தளம் பெயர்வதில்லை.
வட்டவட்டமாய் வெள்ளைத் தழும்பு,
அம்மை இறங்கிய முகம்போல.
கடைசியில் ப்ரொப்பெல்லர். புளி போட்டுத் துலக்கிய
பித்தளைத் தாம்பாளம் இனி அது.

ஏணியில் ஏறும்போது மல்காஸ் கைகொடுத்தார்.
என் உள்ளங்கை அவர் கையுறை நூலைக்
கொக்கி போட்டு இழுத்தது.
இருவருமே கவனித்தோம்.

நான்காம் நாள் அவரிடமிருந்து செய்தி.
வணக்கமில்லை, நன்றியில்லை:
‘பதின்மூன்றேகால்.’
கீழே இன்னொரு வரி:
‘மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். மீதி முக்கால்?’

கொஞ்சம் தழும்பு.
கொஞ்சம் ஏழு வருடப் பழைய பெயிண்ட்.
கொஞ்சம்,
இடப்பக்கம், வயிற்றுத் துடுப்புக்கு அடியில்,
நீரோட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போன இடத்தில்
இருபது மீட்டர் நீளத்துக்கு இரண்டு சாண் அகலம்.

பில்லில் அதையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன்.