கசிவு

கத்திரி தொடங்கி ஒன்பதாம் நாள்.
பெருங்குடியில் எட்டு மாடிக்கு மேலே மொட்டைமாடி.
ஏணிக் கம்பியில் சாக்கைச் சுற்றிப் பிடித்து
முதலில் யாக்கோபு ஏறினான், பின்னால் நான்.

நாற்பத்திரண்டு அவுட்டோர் யூனிட்கள்
வரிசையில் நின்று ஊதிக்கொண்டிருந்தன,
கீழே ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பவர்களின்
சூட்டையெல்லாம் எங்கள் முகத்தில்.
குளிர் என்பது
அடுத்தவன் பக்கம் தள்ளிவிட்ட சூடு.
பத்தொன்பது வருஷத்தில் நான் படித்த பாடம் அவ்வளவுதான்.

புகார்: மீட்டிங் ரூம் கூரையில் ஈரம்.
லிஃப்ட் ரூம் ஏசியின் டிரெயின் பைப்
முழங்கையில் விரிசல் விட்டிருந்தது.
சொட்டுச் சொட்டாய்த் தேங்கி
ஒரு தட்டளவு குட்டை.
அதன் ஓரம் கைப்பிடிச்சுவர் வெடிப்பில்
ஓர் அரசங்கன்று, நாலே இலை,
வேரை எங்கே அனுப்பியிருக்கிறதோ.

பைப்பைத் தொட்டதும்
தலைக்கு மேலே கத்தல்.
ஆள்காட்டி.
பள்ளிக்கரணைத் தண்ணீரோரம் பார்த்திருக்கிறேன்,
இங்கே என்ன வேலை இதற்கு?
யாரும் அள்ளாத ஜல்லிக் குவியலைக் காட்டினான் யாக்கோபு.
இரண்டு முறை பார்த்தும் கல்தான் தெரிந்தது.
மூன்றாம் முறை
நாலு கல் முட்டையானது.

தகரத்தில் தோசை சுடலாம், அப்படி ஒரு வெயில்.
பெட்டை உட்காரவில்லை,
நின்றது.
மஞ்சள் கால் இரண்டும் ஜல்லியில்,
சிறகு பாதி விரித்து, வாய் பிளந்து,
தொண்டை மட்டும் படபடக்க,
முட்டை மேல் தன் நிழல் விலகாமல்
சூரியனோடு கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பியபடி.

அடைகாப்பதென்றால் சூடு கொடுப்பது என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆண் குட்டைக்கு வந்தது.
குடிக்கவில்லை.
வயிற்றை அமிழ்த்தி
இப்படியும் அப்படியும் அசைத்து
இறகு முழுக்க ஈரம் ஏற்றிக்கொண்டு
சொட்டச் சொட்ட நடந்து போய்
முட்டைகளின் மேல் இறங்கியது.
பெட்டை எழுந்து குட்டைக்கு வந்தது.
கழுத்தில் கிடந்த என் ஈரத்துண்டை
எதற்கோ ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கம்ப்ரஸர் இல்லை, கேஸ் இல்லை.
யார் பக்கமும் தள்ளாமல்
முதுகிலேயே வாங்கிக்கொள்கிற சூடு.

கீழிருந்து ஹேமலதா மேடம் போன்:
"லீக் நின்றதா?"
"இதோ மேடம்."

விரிசலை வெட்டி எடுத்தேன்.
புது முழங்கை, பசை, இறுக்கம்.
குட்டை, நாங்கள் பீடி பற்றவைத்து அணைப்பதற்குள்
ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது.
யாக்கோபு ஒன்றும் சொல்லவில்லை.
சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கழுவி
ஜல்லிக்குப் பக்கத்தில் வைத்தான்.
மறுபடி பைப்பை அறுத்து
ஒரு டீ ஜாயின்ட், அதில் ஒரு குழாய் முனை,
நிமிஷத்துக்கு எட்டு சொட்டு.
மூடி நிறைந்து வழிந்தால்
மழைநீர்க் குழாய்க்குப் போகும்படி சரிவு.
பில்லில் எழுதவில்லை.
பொருள் முப்பத்தைந்து ரூபாய், சொந்தக் கணக்கு.

இரண்டு வாரம் கழித்துப் போனேன்.
குவியலில் கல் மட்டும் இருந்தது.
எட்டு மாடியிலிருந்து குஞ்சு எப்படி இறங்கும்
என்று கேட்டான் யாக்கோபு.
எனக்குத் தெரியாது.
மூடியில் ஒரு காக்கா
காய்ந்த பரோட்டாத் துண்டை ஊறவைத்துக்கொண்டிருந்தது.

அரசங்கன்றுக்கு இப்போது ஏழு இலை.
அதைப் பிடுங்கச் சொல்லி
புதுப் புகார் வந்திருக்கிறது.